மூன்றாம் படியில் ஒரு விருந்தாளி

மாலை ஆறு பத்து. கதவுத் துளையில் கண் வைத்தபோது முதலில் தெரிந்தது ஒரு நூடுல்ஸ் அட்டைப்பெட்டி. அதற்கு மேல் இரண்டு கண்கள். ஷார்ஜாவில் நாங்கள் இருந்த ஏழாம் மாடியில், எதிர் ஃபிளாட்டுக்குப் புதிதாக வந்திருந்த கொரியப் பெண்மணி நின்றிருந்தார். எனக்கு ஒன்பது வயது. நவராத்திரியின் இரண்டாம் நாள். அம்மா சமையலறையில் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

அவர் சிற்பி. ஒரு கலைக்கூடம் ஆறு மாதத்துக்கு அவருக்கு அந்த வீட்டை எடுத்துக் கொடுத்திருந்தது. தன் வீட்டில் ஏ.சி. ஒழுகுகிறது, பெட்டியில் இருப்பதன் வண்ணம் இன்னும் காயவில்லை, சில நாள் ஈரம் படாமல் வைத்திருக்க முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெட்டியை வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள்.

அந்த வருடம் எங்கள் கொலுவில் ஒரு குறை இருந்தது. ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது படியேற வேண்டும் என்பது வழக்கம். சென்னையிலிருந்து வரவேண்டிய தசாவதார செட், அதைக் கொண்டுவருவதாக ஏற்றுக்கொண்டவரின் லீவு ரத்தானதால் வரவில்லை. அம்மா இதை ஒரு நாளைக்கு மூன்று முறை சொன்னாள். மறுநாள் நான் நாற்காலி போட்டு ஏறினேன்.

பெட்டிக்குள் ஒரு முழ உயர மரப்பொம்மை. புலிமேல் சவாரி செய்தது. சிவப்புச் சட்டை, மார்பில் கொரியப் பாணி முடிச்சு. தலையில் விண்வெளி வீரரின் கவசம், காலில் ஓட்டப்பந்தய ஷூ, கையில் வீடியோ கேம் ரிமோட். நல்ல சிரிப்பு. வண்ணம் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தேன். மூன்றாம் படியில் செட்டியார் தம்பதிக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது.

அன்று மாலை கட்டடத்துப் பெண்கள் நான்கைந்து பேர் வந்தார்கள். ஒருவர் கேட்டார்: “இது புதுசாக்கா? ஜோரா இருக்கே!”

அம்மா பொம்மையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “ஆமா, இந்த வருஷத்துப் பொம்மை” என்றாள். ஆரத்தியும் எடுத்தாகிவிட்டது. அவர்கள் போன பிறகு என் காதுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது. ஆனால் பொம்மையை இறக்கவில்லை.

ஐந்தாம் நாள் சிற்பி வந்தார். மறுநாள் அவருடைய கண்காட்சி. பொம்மை இன்றே போயாக வேண்டும்.

“குடுத்துடு. அது அவங்க சரக்கு. கலாஸ், முடிஞ்சுது” என்றார் அப்பா. அவருக்குத் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் வேலை.

“சரக்கா? ஆரத்தி எடுத்தாச்சுங்க. தசமிக்கு முன்னாடி எப்படி எறக்குறது?”

“எங்க கஸ்டம்ஸ்காரனே பரவாயில்லம்மா. பேப்பர் சரியா இருந்தா விட்டுடுவான்.”

அம்மா சிரிக்கவில்லை. சற்று நேரம் படியையே பார்த்தாள். “எடுத்துக்கச் சொல்லு. அவங்க பொருள். ஆனா ஏன் தயங்கினேன்னும் சொல்லிடு” என்றாள் என்னிடம்.

நான் எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். இவர்கள் எல்லோரும் ஒன்பது நாள் விருந்தாளிகள். பத்தாம் நாள் ஒன்றாகப் படுத்துத் தூங்குவார்கள், பிறகு ஒன்றாகத்தான் போவார்கள். யாரையும் தனியாக அனுப்பக் கூடாது.

கடைசி வாக்கியத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னார் சிற்பி. சொன்னேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா சுண்டல் கொடுத்தாள். இரண்டு வாய்க்குப் பிறகு அவர் கண்ணில் நீர் நின்றது. காரம் என்று நினைத்து ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். அன்று சுண்டலில் கிள்ளிப் போட்டது ஒரே ஒரு மிளகாய்.

பிறகு கொஞ்சம் பேசினார். பிறந்தது சியோல், வளர்ந்தது லாஸ் ஏஞ்சலீஸ். அங்கே கொரியாக்காரி, சியோலுக்குப் போனால் அமெரிக்காக்காரி. அப்பா என்னைக் காட்டினார். “நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. ஊருக்குப் போனா துபாய்க்காரி. இது ஷார்ஜான்னு சொன்னாலும் எவனும் கேக்க மாட்டான்.” நான் மொழிபெயர்த்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். யாருக்கோ போன் செய்து தணிந்த குரலில் வெகுநேரம் வாதாடினார். பொம்மையை எடுக்காமலே எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை கண்காட்சிக்குப் போனோம். பளபளக்கும் மிட்டாய்த் தாள்களால் மூடிய ஒரு பல்லக்கு. நான் அப்படித்தான் நினைத்தேன். அதைச் சுற்றிப் பதினொரு பொம்மைகள். ஒன்று தலைகீழாக நின்றது, ஒன்று ஹெட்போன் போட்டிருந்தது. பன்னிரண்டாவது இடத்தில் ஒரு அட்டை மட்டும். அரபியிலிருந்து அப்பா படித்துச் சொன்னார்: “விருந்துக்குப் போயிருக்கிறது.”

“ஐயோ, அவங்க வேலையையே கெடுத்துட்டேனே” என்றாள் அம்மா.

“நல்லாப் பாரு. எல்லாரும் அந்தக் காலி எடத்தைத்தான் போட்டோ எடுக்குறாங்க.”

தசமியன்று பொம்மை செட்டியாரோடு படுத்தது. மறுநாள் காலை அம்மா அதைத் தேங்காய், ரவிக்கைத் துணி, குங்குமத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு இடுப்பு வளையக் குனிந்தார். அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவளும் குனிந்தாள். நான்கு மாதத்தில் அவர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார்.

பின்னாளில் நான் பத்திரிகை வேலைக்கு வந்து, கலைப் பக்கத்துக்கு வந்த ஒரு கட்டுரையைத் திருத்தும்போது அந்தப் பதினொன்றையும் படத்தில் பார்த்தேன். அவை பழைய கொரிய வழக்கப்படி பாடையைச் சுற்றிப் பொருத்தும் பொம்மைகள். வழிகாட்ட, காவல் காக்க, சிரிக்கவைக்க. இறந்தவர் தனியாகப் போகக் கூடாது என்பதற்காக. மிட்டாய்த் தாள் பல்லக்குதான் பாடை.

அந்த ஒரு சொல்லை எங்கள் கூடத்தில் அவர் சொல்லியிருந்தால் போதும். பொம்மை அந்த நிமிடமே அவர் கைக்கு வந்திருக்கும். அம்மா வீட்டையே கழுவிவிட்டிருப்பாள். அந்த வருடக் கொலு எங்களுக்குக் கெட்ட நினைவாகியிருக்கும். அவர் சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகளில் நான் யாருக்காவது மனதுக்குள் நன்றி சொல்வதென்றால் முதலில் அவருக்குத்தான் சொல்கிறேன்.

கட்டுரையின் கடைசிப் பத்தியில் இன்னொரு விவரமும் இருந்தது. அந்தப் பன்னிரண்டையும் அவர் செய்தது தன் அம்மாவுக்காக. அந்த அம்மா லாஸ் ஏஞ்சலீஸில் இறந்தது அந்த வருடம் ஜூலையில்.