சோலையண்ணன் பெட்டியிலிருந்து நாலாவது மெயில்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் கிரிதரனையே கேளுங்கள். 2006 வைகாசியில், கப்பலூரில், பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

ரப்பர் ஆலையில் அவன் கம்ப்யூட்டர் பார்ப்பவன். தற்காலிகம். பத்து நாள் முன்பு பாய்லர் வால்வு தெறித்து சூப்பர்வைசர் சோலை செத்துப்போயிருந்தார். உடனே மானேஜர் சுப்பராமனுக்குத் ‘தகவல் பாதுகாப்பு’ ஞாபகம் வந்தது. ‘பாய்லர்’ என்ற சொல்லோடு வெளியே போகிற மெயில் தானாக நிற்க வேண்டும். திங்களன்று அது ஓடினால் கிரிதரன் நிரந்தரம்.

சோதிக்க ஒரு மெயில் பெட்டி வேண்டும். உயிரோடிருப்பவர் பெட்டியைத் தொட்டால் சண்டைக்கு வருவார்கள். சோலையின் பெட்டியைத் திறந்தான். மூளை அப்படி.

மதியம் 2:10. மூன்று மெயில் அனுப்பினான். மூன்றும் நின்றன. தன் தோளைத் தானே தட்டிக்கொண்டான்.

2:17. நாலாவதும் நின்றது.

அவன் அனுப்பவில்லை.

அனுப்பியவர் சோலை. பெறுநர் தொழிற்சாலை ஆய்வாளர். ‘வால்வு இன்னும் மாத்தல. நல்லகாமனைப் பாய்லர் பக்கம் விடாதீக.’

சுப்பராமனுக்குப் போன் போட்டு வாசித்தான்.

“சார், நீங்க சும்மா அனுப்பிப் பாத்தீங்களா?”

“சாப்பிட்டுண்டிருக்கேன்யா. நல்லகாமனா? அப்படி யாரும் நம்மகிட்ட இல்லையே. எவனோ விளையாடறான். அழிச்சுட்டுக் கிளம்பு. ஆர்டர் வேணுமா, வேண்டாமா?”

திரையில் இரண்டு பொத்தான். அனுப்பு. அழி.

அழித்தான்.

2:24. அதே மெயில்.

அழித்தான்.

பக்கத்து அறையில்... டக்... டக்... டக்...

சோலையின் அறை. எட்டிப் பார்த்தான். நாற்காலி காலி. கம்ப்யூட்டரின் பிளக் தரையில் கிடந்தது. கீபோர்டைத் தொட்டான்.

சுட்டது.

ஓடிவந்தான். 2:31. மறுபடி மெயில். கீழே ஒரு வரி கூடியிருந்தது.

‘தம்பி, இத மட்டும் விட்டுரு.’

“அண்ணே... எனக்கு வேற பொழப்பு இல்லண்ணே.”

அழித்தான்.

அப்புறம் வரவில்லை.

புதன்கிழமை வால்வு மறுபடி தெறித்தது. செத்தது புது ஆள் என்றார்கள். பெயரைக் கேட்கக் கிரிதரனுக்குத் தைரியமில்லை.

வெள்ளிக்கிழமை அவனுக்கு ஆர்டர் வந்தது. கையெழுத்துப் போடப் பதிவேட்டை நீட்டினார்கள். அவன் பெயருக்கு மேல்வரியில் இருந்தது...

நல்லகாமன், உசிலம்பட்டி. வேலை கேட்டு வந்து சேர்ந்தது, திங்கள் காலை 8:40.