தையல்காரியின் தேன்பெட்டி

தையல்காரி மொட்டை மாடியில் புதிதாகத் தேன்பெட்டி வைத்தபோது தேனீக்கள் பசு மாதிரி சாதுவாகத்தான் இருந்தன. திடீரென்று ஒருநாள் துணி காயப்போடப் போன கணவரின் காதில் கொட்டிவிட்டன.

"இதுங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு. பெட்டிய யாருக்காவது குடுத்துடு" என்று அவர் குதித்தார்.

"இருங்க, உள்ள என்னன்னு பாக்கறேன்" என்றவள், புகை போட்டுப் பெட்டியைத் திறந்தாள். ஓரத்து அடைகளில் வெள்ளைப் புழுக்கள் நூலாம்படை போலப் பின்னி, மெழுகைத் தின்றுகொண்டிருந்தன. வீட்டில் திருடன் புகுந்தால் யாருக்குத்தான் கோபம் வராது என்று நினைத்துக்கொண்டாள். கொட்டு வாங்கிக்கொண்டே கெட்ட அடைகளை அறுத்தெடுத்துக் கொளுத்தினாள். விரல் வீங்கி ஊசி பிடிக்க முடியவில்லை. துணி கொடுத்தவர்கள் வந்து சத்தம் போட்டார்கள்.

அடுத்த வாரம் தேனீக்கள் அடங்கின. கணவர் மட்டும் இன்னும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் மாடி ஏறுகிறார்.