பண்ணாடி கக்கூஸ் கழுவிய வெள்ளிக்கிழமை

பள்ளிக்கூடத்துக் கக்கூஸில் மக்காச்சோள மூட்டை அடுக்கி வைத்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. பழி வாங்குவது தப்பு என்று உங்கள் பாடப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். போட்டிருக்கட்டும். நான் எட்டாவது வரை படித்தவன், கார் ஓட்டிப் பிழைக்கிறவன். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன், சாமிகளா. பெரியவளே, உனக்குப் பாதி தெரியும். சின்னவனே, நீ அப்போது ஒன்றாவது, உனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் முதலில் இருந்து சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தை ஒட்டிய தோட்டம் பண்ணாடியுடையது. நிலபுலம் உள்ளவர், அதனால் ஊரே அவரைப் பண்ணாடி என்றுதான் கூப்பிடும். பொம்பளைப் பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் கட்டிய கக்கூஸில் மூட்டையை அடுக்கி, பூட்டும் போட்டுக்கொண்டார். மழைக்கு மட்டும் என்றார். மழை போய் வெயில் வந்தது, மூட்டை போகவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டுப் பார்த்தாங்க. "டீச்சர், இந்த எடமே எங்கப்பன் குடுத்ததுங்க" என்றார். அதோடு அவங்க வாய் மூடிவிட்டது.

பையன்களுக்கு வேலி ஓரம் இருந்தது. பெரியவளே, நீ என்ன செய்வாய்? காலையில் போனால் சாயங்காலம் திரும்புகிற வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாய். உன் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான். நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சல் ஏறி, மேட்டூர் ஆஸ்பத்திரியில் படுத்தாய். டாக்டரம்மா என்னைத்தான் திட்டினாங்க. "புள்ளைக்குத் தண்ணி கூடக் குடுக்க மாட்டீங்களா?"

ஆஸ்பத்திரியில் இருந்து நேராகத் தோட்டத்துக்குப் போனேன். பண்ணாடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் வேலையாட்கள்.

"ஏனுங்க, அந்தக் கக்கூஸை மட்டும் தொறந்து உட்டீங்கன்னா..."

"ஏண்டா, உன்ற புள்ளைக்கு ஒரு நேரம் அடக்கத் தெரியாதா? இத்தனை காடு கெடக்குது."

ஆட்கள் சிரித்தார்கள். ஒருத்தன், "டிரைவரு பொண்ணுக்கு டைல்ஸ் போட்டாத்தான் வருமாட்ட இருக்குதுங்க" என்றான். அதற்குப் பண்ணாடியும் சிரித்தார். நான் "சரிங்க" என்று திரும்பிவிட்டேன். வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். இந்த ஆளை இதே மாதிரி நாலு பேர் முன்னால் நிறுத்தாமல் விடுவதில்லை என்று அப்போது நினைத்தேன்.

அந்த வருஷம் நான் ஓட்டியது ஒரு அமெரிக்க இன்ஜினியர் குடும்பத்துக்கு. மேட்டூரில் ஒரு ஆலைக்கு மெஷின் மாட்ட வந்திருந்தார். அவர், அவர் சம்சாரம், ஒரே பெண். அவர்கள் யூதர்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால், சனிக்கிழமை பொழுது சாய்கிற வரைக்கும் வண்டி ஏற மாட்டார்கள், அடுப்பும் பற்ற வைக்க மாட்டார்கள். "பெருமாளுக்கு விரதமா பாப்பா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். பெருமாள் யார் என்று கேட்டது. சொன்னேன். "உங்கள் சாமிக்கும் சனிக்கிழமைதானா!" என்று அதற்கு ஒரே சந்தோஷம். அது பேசியது இங்கிலீஷ், கொஞ்சம் கொஞ்சம் தமிழ். கம்பெனி ஆட்களுக்கு ஓட்டி ஓட்டி எனக்கு வந்த இங்கிலீஷுக்கு அது புரிந்தது.

அந்தப் பாப்பாவுக்குப் பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தது. அவர்களில் பெண்ணுக்குப் பன்னிரண்டு, பையனுக்குப் பதின்மூன்று ஆனால் ஒரு சடங்கு உண்டு. நம்மில் பெண் வயசுக்கு வந்தால் செய்கிற சீர் மாதிரி புடவையும் பந்தியும் என்று நினைத்துவிடாதீர்கள். அன்றையில் இருந்து அந்தப் பிள்ளை செய்கிற நல்லது கெட்டதுக்கு அந்தப் பிள்ளையே பொறுப்பு, அப்பா அம்மா இல்லை. கோயிலில் எல்லார் முன்னாலும் நின்று வேதம் படிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஊருக்கு உபயோகமாக ஒரு வேலை செய்து காட்டுகிற வழக்கமும் அவர்களில் நிறையப் பேருக்கு உண்டு. அப்பா பணத்தைக் கொடுத்து ஆள் வைத்துச் செய்வதை இந்தப் பாப்பாவுக்குச் சடங்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் ஒத்துக்கொள்ள மாட்டார். வாரா வாரம் கம்ப்யூட்டரில் வந்து, "உன் வேலை என்ன, தேடிவிட்டாயா?" என்று கேட்பார்.

"அங்கிள், இங்கே என்ன வேலை இருக்கு?" என்று ஒரு நாள் வண்டியில் என்னைக் கேட்டது.

பெரியவளே, நீ ஆஸ்பத்திரியில் இருந்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. நான் கக்கூஸைச் சொன்னேன். உன் மேல் இருந்த பாசத்தில் பாதி சொன்னேன். மீதிப் பாதி பழி. அதை மறைக்க மாட்டேன்.

பாப்பாவின் அம்மா ஹெட்மிஸ்ட்ரஸிடம் வந்து பேசினாங்க. வெள்ளைக்காரங்க பள்ளிக்கூடத்துக்கு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அத்தனை நாள் நகராத மூட்டை ஒரே காலையில் காலியாகிவிட்டது. பாப்பா வந்தது. நீயும் உன் சிநேகிதிகளும் சேர்ந்தீர்கள். எலிப் புழுக்கையைக் கூட்டி அள்ளினீர்கள். ஆசிட் ஊற்றிக் கறை எடுத்தீர்கள். சுண்ணாம்பு அடித்தீர்கள். தாழ்ப்பாள் மாட்ட மட்டும் நான் வந்தேன். மூக்கைப் பொத்தாமல் அந்தப் பிள்ளை தேய்த்ததை நீயே பார்த்தாய். "அதுக்கு நாத்தமே தெரியாதாப்பா?" என்று கேட்டாய்.

சுண்ணாம்பு காய்வதற்குள் கதவுக்கு மேலே ஒரு கல்வெட்டு ஏறிவிட்டது. உபயம் என்று போட்டு, கீழே பண்ணாடி பேர், அவர் அப்பா பேர். பாப்பா என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டது. சொன்னேன்.

"எங்களில் கொடுத்தது யார் என்று தெரியாமல் கொடுப்பதுதான் உசத்தி. அவர் பேரே இருக்கட்டும் அங்கிள். கதவு திறந்திருந்தால் போதும்."

கதவு எங்கே திறந்தது? பண்ணாடி புதுப் பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். "தெறப்பு விழாவுக்கு ஆளுக வந்து பாக்கறப்பச் சுத்தமா இருக்கோணுமல்லோ" என்றார். திறப்பு விழா வரை நீங்கள் மறுபடி தண்ணீர் குடிக்காமல்தான் இருந்தீர்கள்.

விழா ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது. பண்ணாடி கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் வந்தார். தாய்மார்கள் வந்திருந்தார்கள், தோட்டத்தில் அன்றைக்குச் சிரித்த ஆட்களும் வந்திருந்தார்கள். இங்கிலீஷுக்கும் தமிழுக்கும் நடுவில் ஆள் வேண்டுமே, ஹெட்மிஸ்ட்ரஸுக்குக் கூச்சம், அதனால் என்னை நிற்க வைத்தார்கள். அப்போதே எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

பண்ணாடி பேசினார். பிள்ளைகள் படுகிற கஷ்டம் தாங்காமல் தானே முன்வந்து இடம் கொடுத்ததாகச் சொன்னார். பாப்பா எழுந்து இரண்டே வார்த்தை பேசியது. எல்லாருக்கும் நன்றி, இது எப்போதும் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் தமிழில் சொன்னேன். "பாப்பா என்ன சொல்லுதுன்னாங்க, அவங்க வழக்கத்துல ஒரு எடத்துல ஆரு பேரு எழுதியிருக்குதோ, அவுங்களேதான் வெள்ளிக்கெழமை தோறும் தன்ற கையால அதைக் கழுவி உடோணுமாமுங்க. பண்ணாடி இன்னைக்கே ஆரம்பிச்சு வெப்பாருன்னு நம்பீட்டு நிக்குதுங்க."

பாப்பா பக்கம் திரும்பி இங்கிலீஷில், "உன் கூடச் சேர்ந்து கழுவ வேண்டும் என்று அவருக்கு ஆசையாம்" என்றேன். அதற்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஓடிப்போய் பிரஷ்ஷையும் வாளியையும் எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டியது. பாப்பாவின் அம்மா போனைத் தூக்கிப் போட்டோ எடுக்க ஆரம்பித்தாங்க.

பண்ணாடி சுற்றிப் பார்த்தார். வெள்ளைக்காரங்க முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? வேட்டியை மடித்துக் கட்டிக் குந்தினார். தேய்த்தார். உங்கம்மா வாசலில் நின்று சொன்னாள்: "மூலையில இன்னுங் கொஞ்சம் இருக்குதுங்க பண்ணாடி." ஒருத்தரும் சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை. தோட்டத்து ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டார்கள். என் வயிற்றில் அன்றைக்குப் பால் வார்த்தது. இதை எழுதும்போதும் வார்க்கிறது.

ஆனால் கேளுங்கள். திங்கட்கிழமை கதவு பூட்டியே இருந்தது. கழுவியவர் கோபத்தில் சாவியோடு போய்விட்டார். நீ சாயங்காலம் வந்து, "அப்பா, நீங்க அவரை அப்படிப் பண்ணீருக்க வேண்டாம்" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஊர் விடவில்லை. டீக்கடையில் அவரைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "ஏனுங்க, வெள்ளிக்கெழமை வருதுங்களே" என்று கேட்டார்கள். அடுத்த வெள்ளிக்கு ஒரு ஆளை அனுப்பினார். தாய்மார்கள் ஆளைத் திருப்பி அனுப்பினார்கள். "பண்ணாடி கையாலதான் கழுவோணுமாம். அந்தப் பாப்பா சொல்லிப் போட்டுதே."

இது பாப்பாவின் காதுக்குப் போய்விட்டது. உன் மூலமாகத்தான் போனது, எனக்குத் தெரியும். காரை ஓரம் கட்டச் சொன்னது. "நான் அப்படிச் சொல்லவே இல்லையே அங்கிள்?"

சொன்னேன். உன் காய்ச்சலையும் சொன்னேன், பண்ணாடி சிரித்ததையும் சொன்னேன்.

"நாலு பேர் முன்னால் ஒருவரைக் கூனிக் குறுக வைப்பது எங்களில் ரத்தம் சிந்துகிற மாதிரி" என்றது. பிறகு, "கழுவுவது அவமானம் என்றால், நான் இத்தனை நாள் செய்தது என்ன?" என்றது.

நான் வண்டியைக் கிளப்பினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு விடச் சொன்னது. பண்ணாடி வந்திருந்தார். ஊர் வாய்க்குப் பயந்து வாளியோடு நின்றார். பாப்பா அவர் எதிரில் போய் நின்று என்னைப் பார்த்தது. "சரியாகச் சொல்லுங்கள் அங்கிள். இது எங்கள் வழக்கம் இல்லை. டிரைவர் சேர்த்துச் சொன்னது. நீங்கள் கழுவ வேண்டாம். என்னை மன்னியுங்கள்."

தாய்மார்கள் என் வாயைப் பார்த்தார்கள். பண்ணாடியும் பார்த்தார். அவர் இடுப்பில் அந்தச் சாவி தொங்கியது. இதை இப்படியே சொன்னால் அவர் ஜெயித்துவிட்டார், கதவு அவருடையது என்று தோன்றியது. நீ ஓரமாக நின்றுகொண்டிருந்தாய், உதடு காய்ந்து போய்.

"பாப்பா என்ன சொல்லுதுன்னாங்க, கழுவ முடியலீன்னா கல்வெட்டை எடுத்துப்போட்டு, சாவியை டீச்சர்கிட்டக் குடுத்துட்டுப் போயிரலாமாமுங்க."

பண்ணாடி அரைஞாணில் இருந்து சாவியை அவிழ்த்து, ஆபீஸ் அறைக்குள் போய் ஹெட்மிஸ்ட்ரஸின் மேஜையில் வீசினார். "நீங்களே வெச்சுக் கும்புடுங்க!" என்று நடந்தார். கல்வெட்டை அன்று மத்தியானமே ஆள் வந்து பெயர்த்துக்கொண்டு போனான்.

பாப்பா ஏமாறவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டது. "அங்கிள், இப்போதும் நான் சொன்னதைச் சொல்லவில்லை, இல்லையா?" என்றது. இல்லை என்றேன். அதற்கப்புறம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, என்னை விட்டுவிட்டு வேறு வண்டியில், பண்ணாடி வீட்டுக்கே போயிருக்கிறது. நடுவில் பேச ஹெட்மிஸ்ட்ரஸைக் கூட்டிக்கொண்டு போனதாம். எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொல்லி மன்னிப்புக் கேட்டதாம். தன் வேலை அங்கேதான் முடிந்தது என்று கம்ப்யூட்டரில் வருகிற அந்தச் சடங்கு டீச்சருக்கும் சொன்னதாம். ஊருக்குத் திரும்பிச் சடங்கு நடந்த பிறகு போட்டோ அனுப்பினார்கள். வெள்ளைச் சால்வை போர்த்தி நிற்கிற பிள்ளையைப் பார்த்தால் நல்லா இருக்கட்டும் என்றுதான் தோன்றியது.

ஆக, பண்ணாடிக்கு உண்மை தெரியும். கழுவச் சொன்னது நான்தான், சாவி கேட்டதும் நான்தான் என்று தெரியும். தெரிந்தும் அவர் சாவியைத் திரும்பக் கேட்கவில்லை. கதவு இன்றைக்கும் திறந்திருக்கிறது, பிள்ளைகள் போய் வருகிறார்கள். "மனசு மாறிட்டாருப்பா" என்று நீ சொல்கிறாய். ஊரும் சொல்கிறது. பாப்பா போய்ப் பேசியதால்தான் என்கிறார்கள்.

இருக்கலாம். ஆனால் அதை என் கையால் நல்ல குணம் என்று எழுத மாட்டேன். நீ ஜலகண்டாபுரம் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தைத் தாண்டித்தான் அவர் தினமும் போகிறார். இத்தனை நாளில் ஒரு தரம்கூட நின்று, "உடம்பு எப்படி இருக்குது சாமி?" என்று உன்னைக் கேட்டதில்லை.