நாலரைக் கட்டையில் ஓர் இத்தாலியப் பாட்டு

என் வீட்டுக்காரருக்குச் சங்கீதம் வராது. நான் ஸ்ரீரங்கத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள். நாள் முழுக்க வீட்டில் சரளி வரிசை ஓடும். அவர் ஒரு நாளும் எனக்கு முன்னால் வாயைத் திறந்து பாடியதில்லை. ஒரே விதிவிலக்கு ஓர் இத்தாலிய ஓபராப் பாட்டு. கைலாசபுரத்தில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு இயந்திரம் நிறுவ வந்த இத்தாலிக்காரர் ஒருவர், ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போன கேசட். ஞாயிற்றுக்கிழமை ஷேவ் பண்ணும்போது அதைப் போட்டுக்கொண்டு கூடவே பாடுவார். அர்த்தம் ஒன்றும் தெரியாது. ஆனால் ஓர் எழுத்து தப்பாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆரம்பம் என்னமோ நன்றாகத்தான் இருக்கும். வயலின்கள் அசையாமல் ஒரே ஸ்வரத்தில் நிற்க, அந்தப் பாடகர் சங்கராபரணம் மாதிரி மெதுவாக இறங்கி வருவார். நான் தொடையில் தாளம் போட ஆரம்பிப்பேன். மனுஷர் ஓர் இடத்தில் இழுப்பார், இன்னோர் இடத்தில் ஓடுவார். என் தாளம் அந்தரத்தில் தொங்கும். சரி, தொலையட்டும் என்று விட்டால், நடுவில் ஷட்ஜமே இடம் மாறிவிடும்.

“என்னன்னா இது, சுருதியை விட்டுட்டு எங்கேயோ போறான்?” என்பேன்.

“அவன் விடலைடி. பாட்டு வேற வீட்டுக்குக் குடிபோறது. நீதான் பழைய வீட்டு வாசல்லயே நின்னுண்டிருக்கே” என்பார்.

“குடிபோறவன் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதோ?”

அந்தப் பாட்டு எங்கள் வீட்டில் தொடங்கியது நாலரைக் கட்டையில். என் வகுப்புச் சுருதியும் அதுதான். “பாத்தியா, பொருத்தம் பாத்துதான் பண்ணி வெச்சிருக்கா” என்று சீண்டுவார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், ஆனால் உள்ளுக்குள் பிடிக்கும்.

போன ஐப்பசியில் ஒரு காலை, காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. பக்கவாதம். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. நாம் சொல்வது புரியும், பதில் சொல்ல வராது. நாளெல்லாம் வாயைத் திறந்து திறந்து மூடுவார். அந்த வாயைப் பார்க்கச் சகிக்காமல் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அவருக்குச் சாதம் ஊட்டியிருக்கிறேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் வழி சொன்னாள். “பேச வராதவங்களுக்குச் சில சமயம் பாட்டு வரும்மா. அவருக்கு மனப்பாடமா தெரிஞ்ச பாட்டைப் போட்டுப் பாருங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு வார்த்தையா கொண்டு வரலாம்.”

நான் பாசுரம் பாடினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேசட் பிளேயர் எப்போதோ செத்துவிட்டது. பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள், அதே பாடகரின் அதே பதிவைத் தேடிப் போனில் எடுத்துப் போட்டாள். அவர் கண் பளிச்சென்றது. வாய் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. இடது கையால் போனைத் தள்ளினார். மறுபடி போட்டோம், மறுபடி தள்ளினார். கண்ணில் ஜலம் கட்டிக்கொண்டு நின்றது.

எனக்கும் ஏதோ உறுத்தியது. அதே பாட்டுதான், ஆனால் ஒரு சோம்பல். சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாலு கட்டை. அட ராமா! எங்கள் பழைய பிளேயர் இத்தனை வருஷமும் வேகமாக ஓடியிருக்கிறது. வேகம் கூடியதில் சுருதியும் ஏறியிருக்கிறது. இத்தாலியில் அது நாலு கட்டைப் பாட்டு, எங்கள் வீட்டில்தான் நாலரை. அவருக்குள் இருந்தது எங்கள் வீட்டுத் தப்புப் பாட்டு.

மகள் போனில் வேகத்தைக் கூட்டினாள். வேகம் மட்டும் கூடியது, சுருதி நாலிலேயே நின்றது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டையும் சேர்த்து ஏற்றுகிற வேறோர் ஆப்பைத் தேடிப் போட்டாள். நாலரை வந்ததும் அவர் பாடினார். தெள்ளத் தெளிவாக, இத்தாலிய வார்த்தைகள் அத்தனையும். மகள் சமையலறைக்குப் போய் அழுதாள். நான் அவர் எதிரிலேயே அழுதேன், எனக்கென்ன வெட்கம்?

அதற்கப்புறம் ‘தண்ணி’, ‘போதும்’, ‘வா’ என்று சின்னச் சின்ன வார்த்தைகளை அந்த மெட்டில் வைத்துப் பாடிக் காட்டினேன். உதட்டைக் கூட்டிப் பார்ப்பார். வெளியே வருவது இத்தாலியன்தான். ஒரு தமிழ் வார்த்தை வரவில்லை. வந்ததையாவது ஒழுங்காக வரவைப்போம் என்று நான் வாத்தியாராகிவிட்டேன். அவர் ஓடும் இடத்தில் உள்ளங்கையில் தட்டி நிறுத்துவேன். “அவசரப்படாதீங்கோன்னா, நிதானமா” என்பேன். அவரும் கேட்டுக்கொள்வார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் எனக்குச் சிஷ்யனானது அப்போதுதான். அந்த நாட்களில் நான் சந்தோஷமாகவே இருந்தேன்.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம். மகள் ஊருக்குத் திரும்பியிருந்தாள். நான் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். போனில் பாட்டே போடவில்லை. அவராகவே பாட ஆரம்பித்தார். தானாக வருகிறதே என்று அரிவாள்மணையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். தறிகெட்ட வேகம். சுருதி ஐந்து, ஐந்தரை என்று ஏறிக்கொண்டே போனது. பாதியில் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து எடுத்தார். என் கையைப் பிடித்து அழுத்தினார். “பேஷ், பேஷ், ஆனா நிதானமா” என்று அவர் உள்ளங்கையில் தட்டினேன். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது, தலைப்பால் துடைத்துவிட்டேன். என் கையை உதறினார். திரும்பவும் முதல் வரி. நான் திரும்பவும் தாளத்தைப் பிடித்தேன். உச்ச ஸ்வரத்துக்குப் போகும் முன்னால் குரல் நின்று, தலை சாய்ந்தது.

ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயசு. “ஹார்ட் அட்டாக்மா. எங்களால முடிஞ்சதைப் பார்த்தோம்” என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, “ரொம்ப வலிச்சிருக்கும். அவர் எதுவுமே சொல்லலையாம்மா?” என்று கேட்டார்.

“சொன்னார் டாக்டர். திரும்பத் திரும்பச் சொன்னார். நான் தாளம் போட்டுண்டிருந்தேன்.”