பூப்போட்ட விரிப்புக்கு அடியில்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, யாங்கோனில் தின்கன்ஜூன் பகுதியில் எங்கள் வீட்டுப் பக்கத்து மனையில் நடந்தது இது. தண்ணீர்த் திருவிழா முடிந்து, மழை இன்றைக்கோ நாளைக்கோ என்று வானம் மிரட்டிக்கொண்டிருந்த நாட்கள்.

அந்த மனையில் பதினெட்டு வருடங்களாக ஒரு பழைய கேரவன் நின்றிருந்தது. கேரவன் என்றதும் சினிமா நட்சத்திரங்கள் ஏசிக் குளிரில் உட்கார்ந்து பழச்சாறு குடிக்கும் வண்டியை நினைத்துவிடாதீர்கள். இது காரின் பின்னால் கட்டி இழுத்துப் போகிற சின்னத் தகர வீடு. உருண்டை முதுகு, இரண்டு சக்கரம், மூன்று ஜன்னல், உள்ளே ஒரு கட்டில், ஒரு மடக்கு மேசை. எந்த நாட்டில் எந்த வருடம் செய்ததோ தெரியாது. என் கணவர் பிறப்பதற்கு முன்னால் செய்தது என்பது மட்டும் நிச்சயம்.

ஒரு வெளிநாட்டுக் கம்பெனி இடத்தைக் காலி செய்துகொண்டு போனபோது பழைய சாமான்களை விற்றார்கள். ஊரெல்லாம் மின்விசிறியும் அலமாரியும் வாங்க, எங்கள் வீட்டுக்காரர் இதை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். பஸ் பட்டறையில் மெக்கானிக் அவர். "மோல்மீனுக்குப் போயி கடல் பார்ப்போம், போற வழியில எங்க புடிச்சிருக்கோ அங்க நிறுத்தி சமைச்சு சாப்பிடுவோம்" என்றார். இழுத்துப் போக ஒரு கார் வேண்டும் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. பின்னால் தோன்றியது, ஆனால் வாங்க முடியவில்லை. மோல்மீன் போக ஆசைப்பட்ட வண்டி என் அரிசி டின்னுக்கும் பழைய நோட்டுக் கட்டுகளுக்கும் கிடங்கு ஆனது. தெருப் பிள்ளைகளுக்கு நான் டியூஷன் எடுக்கிறேன். அதனால் இந்தச் சந்தில் எல்லோருக்கும் நான் 'சயாமா'தான், அதாவது டீச்சரம்மா.

அந்த வருடம் மனைக்காரர் வந்து, மாதக் கடைசிக்குள் வண்டியை எடுத்துவிடுங்கள், அஸ்திவாரம் தோண்டப் போகிறோம், இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிவிடுவேன் என்றார். என் கணவர் அன்று சாப்பிடவில்லை. வார்த்தைக்கு வார்த்தை அந்த வண்டியைக் கிண்டல் செய்தவள் நான்தான். ஆனாலும் அவர் தட்டைத் தள்ளிவைத்ததைப் பார்த்ததும், இதை இரும்புக்குப் போகவிடக் கூடாது, யாராவது வைத்துக்கொள்கிற மனுஷர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கே ஒரு வைராக்கியம் வந்துவிட்டது.

ஃபேஸ்புக்கில் படம் போட்டேன். மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் சுத்தியலால் தட்டிப் பார்த்து எடை போடுவது போலப் பேசினார். காபிக் கடை வைக்கப் போவதாகச் சொன்ன இரண்டு இளைஞர்கள் கதவருகே தரைப் பலகை கறுத்து உளுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, போன் வந்ததாகச் சொல்லிக்கொண்டே போனவர்கள் போனவர்கள்தான்.

தரைதான் அதன் பெரிய நோய். கூரை ஒழுகி ஒழுகி, கதவுக்கு உள்புறமும் கட்டிலுக்கு முன்னாலும் பலகை இற்றுப்போயிருந்தது. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் என் கணவரின் கால் ஒரு தடவை முழங்கால் வரை கீழே இறங்கி, உடைந்த பலகை கிழித்துத் தையல் போட வேண்டியதாயிற்று. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அடுத்த வேலையைச் செய்தேன்.

சந்தைக்குப் போய், பூப்போட்ட பிளாஸ்டிக் தரை விரிப்பு வாங்கி வந்தேன். இங்கே எந்த வீட்டுக்குப் போனாலும் காலடியில் கிடக்குமே, அதேதான். மஞ்சள் பூ, பச்சை இலை. ஓரத்தில் ஒட்டி, மூலையெல்லாம் மடித்து, ஜன்னலுக்கு ஒரு திரையும் மாட்டினேன். பட்டறையிலிருந்து வந்த என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"அடியில என்ன இருக்குன்னு வர்றவங்ககிட்ட சொல்லிடும்மா" என்றார்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாங்க. நான் ஒரு பொய்கூடச் சொல்லலையே. வாங்குறவருக்குக் கண்ணு இருக்குல்ல" என்றேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பர்மியப் பெரியவர் மகளோடு வந்தார். அறுபது வயதிருக்கும். துவைத்துத் துவைத்து நிறம் போன லோஞ்ஜிக் கைலி, பித்தான் எல்லாம் போட்ட சட்டை. மகள் இடுப்பில் எட்டு மாதக் குழந்தை, இரண்டு கன்னத்திலும் தனாக்கா மரப்பட்டைக் குழம்பு பூசியிருந்தது. பர்மிய மொழியில்தான் பேசிக்கொண்டோம். அவர் என்னை 'சயாமா' என்றார், நான் அவரை 'ஊலே' என்றேன். நம் சித்தப்பா மாதிரி அது.

கேரவன் படியில் கால் வைப்பதற்கு முன் அவர் செருப்பைக் கழற்றினார். மகளும் கழற்றினாள். இரண்டு ஜோடியையும் ஓரமாக, வரிசையாக வைத்தார்.

"பரவாயில்லை ஊலே, செருப்போடயே வாங்க. பழைய வண்டிதானே" என்றேன். நான் அப்போது உள்ளே செருப்போடுதான் நின்றுகொண்டிருந்தேன்.

"குடியிருக்கப் போற இடமில்லையா சயாமா" என்று சிரித்துக்கொண்டே வெறுங்காலோடு ஏறினார்.

நாங்களும் வீட்டுக்குள் செருப்போடு போகிறவர்கள் இல்லைதான். ஆனால் பதினெட்டு வருடத்தில் அதை ஒரு வீடு என்று நான் நினைத்ததே இல்லை. வந்துபோன மூன்று பேரும் ஷூவோடு ஏறினவர்கள். ஏமாற்றுவதற்கு நான் கண்ணைத்தான் கணக்கில் வைத்தேன், கால் என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன்.

அவர் மெதுவாக நடந்தார். கதவருகே ஒரு நொடி நின்றார். கட்டிலுக்கு முன்னால் இன்னொரு தடவை நின்றார். ஜன்னலைத் திறந்து மூடினார், கூரையை அண்ணாந்து பார்த்தார். மகள் ஆசையாக, "தரை எவ்வளவு அழகா இருக்கு பாருங்க அப்பா" என்று குழந்தையை விரிப்பில் இறக்கிவிட்டாள். அது பூவைப் பிடிக்கப் போவது போலத் தவழ்ந்தது. கதவுப் பக்கம் போவதற்குள் பெரியவர் சட்டென்று குனிந்து அள்ளித் தூக்கிக்கொண்டார்.

"எச்சில் ஒழுக்கி சயாமாவோட புது விரிப்பை அழுக்காக்கிடுவான்" என்றார்.

நான் ஜன்னல் திரையைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் சொன்னது இன்னும் மோசம். மகள் லைங் தாயாவில் ஒரு தையல் ஆலையில் வேலை செய்கிறாள். மருமகன் வேலை தேடித் தாய்லாந்துக்குப் போயிருக்கிறார். ஒரே அறையில் ஆறு பெண்களோடு தங்கியிருக்கிறாள், குழந்தையோடு அங்கே இனி இருக்க முடியாது. பிரசவ விடுப்பும் அதற்கு மேல் கேட்டு வாங்கிய லீவும் முடிந்துவிட்டது. மாதக் கடைசியில் திரும்பாவிட்டால் வேலை போய்விடும். ஆலைக்குப் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவரின் காலி இடத்தில் இந்த வண்டியை நிறுத்திக்கொண்டால், இவரே கூட இருந்து பேரனைப் பார்த்துக்கொள்வார்.

தவழுகிற குழந்தை, அந்தத் தரை. சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. மாதக் கடைசியும் இரும்புக்காரரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். வாயை மூடிக்கொண்டேன். இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கேட்ட விலைக்கே சரி என்றார் அவர். பேரம் பேசாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அடுத்த ஞாயிறு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, இரண்டு கையாலும் முன்பணத்தை நீட்டினார்.

அவர்கள் போன பிறகு ஜன்னலைச் சாத்தப் போனேன். என்ன தோன்றியதோ, செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏறினேன். கதவருகே வலது காலை வைத்ததும் தரை உள்வாங்கியது. டீயில் நனைந்த ரொட்டி மாதிரி, மெத்தென்று, ஈரமாக. உள்ளங்காலில் தொடங்கிய கூச்சம் உச்சந்தலை வரை ஏறியது. அவர் நின்ற இடம் அதுதான். குழந்தை அங்கே போய்விடாமல்தான் அள்ளித் தூக்கியிருக்கிறார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஏன் வாங்கினார் என்றுதான் புரியவில்லை. ஒருவேளை தெரியாமலே போயிருந்தால்? சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் தன் காலில் இருந்த தையல் தழும்பைத் தடவிக்கொண்டு, "நேர்ல போய்ச் சொல்லிட்டு வா. போன்ல வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை டியூஷனுக்கு லீவு விட்டுவிட்டு, முன்பணத்தைக் கைப்பையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இரண்டு பஸ் மாறி, பாலம் தாண்டி லைங் தாயா போய்ச் சேரவே இரண்டு மணி நேரம் ஆனது. வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தால் முழிப்பார்களே, அந்த முழிதான் என் முழியும்.

அவர் சொல்லியிருந்த காலி இடம் ஆலைச் சுவரை ஒட்டி இருந்தது. ஒரு மரத்தடியில் பெரியவர் குந்தி உட்கார்ந்து பலகைக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஏற்கெனவே ஏழெட்டுப் பலகைகள், அளவாக அறுத்து அடுக்கியிருந்தன. நிழலில் பாயில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பலகைகளின் நீளத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எங்கள் கேரவனின் குறுக்களவு அது. அளவு நாடா எதையும் அவர் எடுத்து நான் பார்க்கவில்லை. அடிமேல் அடி வைத்து நடந்தே அளந்திருக்கிறார்.

"தரை உளுத்துப்போச்சு ஊலே. தெரிஞ்சுதான் மூடி வச்சேன்" என்றேன். ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை, இது மட்டும்தான் வந்தது. அழுகையும் வந்தது.

அவர் அவசரமாக எழுந்து எனக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். தப்பு செய்தவர் அவர் போலக் கையைப் பிசைந்தார்.

"கால் வச்சதுமே தெரிஞ்சுது சயாமா. புதுசா வாங்கி, மூலையெல்லாம் எவ்வளவு நேர்த்தியா மடிச்சு ஒட்டியிருந்தீங்க. உங்க முன்னாலயே அதை எப்படி உரிச்சுப் பார்க்கிறது? ஆநாதெ" என்றார்.

பர்மியர்களிடம் இருக்கும் சொல் அது. எதிரே இருப்பவர் சங்கடப்படுவாரே என்று, தனக்கு நஷ்டம் வந்தாலும் வாய் திறக்காமல் இருப்பது. நாலு தலைமுறையாக இங்கே வாழும் நாங்கள் தமிழ் பேசும்போதும் அதை அப்படியேதான் சொல்லுவோம். என் பொய்க்கு நான் வெட்கப்படக் கூடாதே என்று ஒருவர் சங்கடப்பட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அப்புறம் அவர் குரலைத் தாழ்த்தி, "நெசத்தைச் சொன்னா நானும் யோக்கியன் இல்லை சயாமா. தரையைப் பத்திப் பேசினா நீங்க மனசு மாறி விற்க மாட்டேன்னுடுவீங்களோன்னு பயம். இந்த மாசத்துக்குள்ள என் மகளுக்கு வேற இடம் கிடைக்காது. பலகையை நான் போட்டுக்குவேன், ஓடுற வீட்டை என்னால செய்ய முடியாதே" என்றார்.

முன்பணத்தை எடுத்து நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை. கடைசியில் நான் டீச்சர் குரலை எடுத்தேன். விலையில் பாதிதான் வாங்கிக்கொள்வேன், கூரையும் சக்கரமும் என் கணவர் பொறுப்பு, சம்மதம் இல்லையென்றால் நானே இரும்புக்காரரைக் கூப்பிடுவேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார். குழந்தை விழித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறை நண்பர் ஒருவரின் லாரியில் கட்டி கேரவனை இழுத்துக்கொண்டு போனார்கள். பதினெட்டு வருடத்தில் அது போன ஒரே பயணம், தின்கன்ஜூனிலிருந்து லைங் தாயாவுக்கு. என் கணவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் தலையை வெளியே நீட்டித் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். பாலத்தின் மேல் ஆற்றைப் பார்த்ததும் லாரியைக் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னாராம். மோல்மீன் கடல் கிடைக்காவிட்டாலும் அந்த அளவுக்காவது வண்டிக்குத் தண்ணீரைக் காட்டிவிட்டார்.

என் விரிப்பை உரித்து, உளுத்த பலகையைப் பிடுங்கிப் புதுத் தரை போட பெரியவருக்கும் என் கணவருக்கும் மூன்று நாள் ஆனது. மகள் சொன்ன தேதியில் வேலைக்குத் திரும்பிவிட்டாள். முதல் மழை பெய்த அன்று நாங்கள் பார்க்கப் போனோம். படியருகே செருப்பைக் கழற்றி, அவர்கள் செருப்புக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்துவிட்டு ஏறினேன். புதுப் பலகை மேல் அதே பூப்போட்ட விரிப்பைத் துடைத்து மறுபடி விரித்திருந்தார் பெரியவர். குழந்தை கதவு வரை தவழ்ந்து வந்து என் காலைப் பிடித்தது, யாரும் அதை ஓடி வந்து தூக்கவில்லை.

பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்கும் பெற்றோரிடமோ, சந்தையில் பழையதை விற்கும்போதோ, இன்றும் எதையாவது பூசி மெழுகிச் சொல்ல நான் வாய் எடுத்தால், வார்த்தை வருவதற்கு முன்னால் என் வலது உள்ளங்கால் கூசுகிறது.