வெப்பமானிக்குப் பூசிய சந்தனம்

நார்வேயின் வடக்கே நான் குடியிருக்கும் சிற்றூரில், காலையில் எழுந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது சமையலறை ஜன்னலைத்தான். ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னலுக்கு வெளியே ஒரு வெப்பமானியைத் திருகி வைத்திருப்பார்கள். கிராடெஸ்டொக் என்று பெயர். அதைப் பார்த்த பிறகுதான் அன்றைக்கு எந்தச் சட்டை, எந்தக் காலுறை என்பதே முடிவாகும். நான் வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "உங்கள் வீட்டில் இன்று எத்தனை டிகிரி?" என்று கேட்டார். "எங்கள் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை, நன்றி" என்றேன். அவர் எட்டி, எங்கள் வெறும் ஜன்னலைப் பார்த்தார். மறுநாள் ஒரு மரச்சட்டம் போட்ட வெப்பமானியை வாங்கி வந்து, தாமே எங்கள் ஜன்னலில் திருகிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் வெப்பமானி என்றால் அது காய்ச்சலுக்கு வைப்பதுதான். வெயிலை யார் அளந்தார்கள்? மொட்டை மாடியில் வெறுங்காலை வைத்தால் தெரிந்துவிடப் போகிறது. மேற்கே மலையில் மேகம் இறங்கிவிட்டால் அப்பா வாசலுக்கு வந்து, "அய்யனார் கோவில் பக்கம் மழை ஊத்துது, ஆத்துல தண்ணி வந்துரும்" என்பார். தெருவுக்கே முகம் மலர்ந்துவிடும். இங்கே மேகம் வந்தால் மோசமான நாள். வெயில் அடித்தால் ஃபிண்ட் வேர், அதாவது நல்ல வானிலை என்று சொல்லி, பாடத்தை மூடிவைத்துப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவார்கள். நான் இங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கரியமில வாயு பூமிக்கு மேல் இன்னொரு போர்வை போல ஏறிக்கொண்டே போகிறது, பூமி சூடாகிறது என்று நான் நடத்தும்போது, வெயிலுக்கு ஏங்கும் இந்தப் பிள்ளைகளின் முகத்தில் ஒரு சின்ன ஆசை எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், உள்ளுக்குள் கோபமும் வரும்.

அந்தக் கோபத்தில்தான் ஜெயராணிக்கு போன் போட்டேன். ஜெயராணி என்னோடு கல்லூரியில் படித்தவள். இப்போது ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து, மம்சாபுரம் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் நடத்துகிறாள். "ஏட்டி, ஒன் பிள்ளைகளையும் என் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு வேலை செய்வோமா?" என்றேன். "வெயில்ல வேகுற வேலை மட்டும்தான் இங்க இருக்கு, வாரியா?" என்றாள். அவள் கேலியாகச் சொன்னதிலேயே வேலையும் இருந்தது. அந்தப் பள்ளியில் மாடியில் இரண்டு வகுப்பறைகள், மேலே வெறும் கான்கிரீட் கூரை. போன கோடையில் ஆண்டுத் தேர்வு எழுதும்போது முத்துமாரி என்ற பிள்ளை அங்கே மயங்கி விழுந்திருக்கிறாள். அப்பாவும் அம்மாவும் காட்டு வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் முதல்முதலாகப் பத்தாம் வகுப்பு வரை வந்தவள் அவள்தான். வருகிற ஏப்ரலில் பொதுத்தேர்வும் அவளுக்கு அதே அறையில்.

ஒரு கூரைக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பது, வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால் கீழே எவ்வளவு குறைகிறது என்று தினமும் மதியம் இரண்டு அறையிலும் அளப்பது என்று முடிவானது. தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டார். வித்தியாசம் தெரிந்தால் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசி மற்றக் கூரைக்கும் அடித்துத் தருவதாகவும், தெரியாவிட்டால் பேச்சை விட்டுவிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். பொதுத்தேர்வு அறை சுண்ணாம்பு அடிக்காத அறை. முத்துமாரிக்கு அது அறிவியல் பாடம் மட்டுமில்லை.

வாரக்கணக்கில் வெள்ளைக் கூரை அறை குளிர்ந்தே இருந்தது. என் வகுப்பில் இங்ரிட் என்ற பெண் அங்கிருந்து வரும் அளவுகளைத் திரையில் கோடாக வரைந்துகொண்டே வந்தாள். அக்டோபரில் ஒரு நாள் கோடு தலைகீழானது. சுண்ணாம்பு அடிக்காத அறை, அடித்த அறையைவிடக் குளிர்ச்சியாக இருந்ததாம். "யாரோ ஏமாற்றுகிறார்கள்" என்றான் ஒருவன். "இந்த நாளை அழித்துவிடலாமே" என்றாள் இங்ரிட். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஊரை யாரோ குறை சொன்ன மாதிரி வலித்தது.

உடனே வகுப்பிலிருந்தே வீடியோவில் கூப்பிட்டேன். ஜெயராணிக்குப் பக்கத்தில் முத்துமாரி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பின்னால் சுவரில் வெப்பமானி தொங்கியது. அதன் நெற்றியில் குங்குமம், உடம்பு முழுக்கச் சந்தனம்! எனக்குத் தேதி அப்போதுதான் உறைத்தது.

"ஆயுத பூஜைக்கா?" என்றேன்.

"ஆமா டீச்சர். நாளைக்கு லீவு, அதான் மத்தியானமே பள்ளிக்கூடத்துல சாமி கும்பிட்டுட்டோம். இதானே எங்களுக்கு ஆயுதம்? பரீட்சை ரூம் மீட்டருக்கு மட்டும் நானே நல்லா அப்பி வச்சேன். பொறவுதான் அளவு எடுத்தேன்."

"நானும் பொரி தின்னுக்கிட்டுப் பாத்துக்கிட்டேதான் நின்னேன்" என்றாள் ஜெயராணி. "எனக்கும் வெளங்கல ஏட்டி. சர்ச்சுக்குப் போறவ, நான் எங்க போயி சந்தனத்தத் தடுக்க?"

ஈரச் சந்தனம் காயும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். நனைந்த துணியைச் சுற்றிய பானையில் தண்ணீர் குளிர்வது போல, வெப்பமானியின் அடிக்குமிழும் குளிர்ந்துவிட்டது. இதை என் வகுப்புக்குச் சொன்னேன். "நீங்கள் வெப்பமானியைக் கும்பிடுவீர்களா?" என்று இங்ரிட் கேட்டாள். வருடத்தில் ஒரு நாள் கருவிகளைக் கும்பிடுவோம் என்றேன். என் அப்பா ராஜபாளையத்தில் நூல்மில் தொழிலாளி. வருடம் முழுக்க இரைந்துகொண்டிருந்த இயந்திரங்கள் அந்த ஒரு நாள்தான் நிற்கும். அப்பா என்னைத் தூக்கிப் பிடிக்க, நூற்பு இயந்திரத்துக்கு நான் குங்குமம் வைத்திருக்கிறேன். எங்களுக்குச் சோறு போட்டது அது. அது நிலக்கரியை எரித்து எடுத்த மின்சாரத்தில் ஓடியது என்பது நான் பெரியவளானபின் படித்தது. படித்த பிறகும் எனக்கு அதன்மேல் வெறுப்பு வரவில்லை.

அந்த நாளை அழித்துவிடலாம் என்று இங்ரிட் சொன்னதை முத்துமாரிக்கு மொழிபெயர்த்தேன். அவள் வேகமாக மறுத்துத் தலையாட்டினாள். "வேண்டாம் டீச்சர். இது மட்டும் ஏன் காணோம்னு எச்.எம். சார் கேட்டா, மத்ததையும் நம்ப மாட்டாக. நானே காட்டுதேன்." பிறகு தயங்கி, "அவிய ஊர்ல கடலுக்குள்ள இருந்து எண்ணெ எடுக்காவளாமே, அத எப்ப நிப்பாட்டுவாவன்னு கேளுங்க. சுண்ணாம்பு எங்க தலைய மட்டுந்தானே காக்கும்?" என்றாள்.

கேட்டேன். எல்லோரும் இங்ரிட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். இங்ரிட்டின் அப்பா எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை பார்க்கிறவர். "எனக்குத் தெரியவில்லை. ஆனால் வீட்டில் கேட்பேன்" என்றாள். அது ஒரு நேர்மையான பதில் என்று எனக்குப் பட்டது.

விடுமுறை முடிந்ததும் முத்துமாரி தலைமையாசிரியர் அறையிலேயே இரண்டு வெப்பமானிகளை அருகருகே தொங்கவிட்டு, ஒன்றுக்கு மட்டும் சந்தனம் பூசினாள். ஒன்று இறங்கியது, ஒன்று அப்படியே நின்றது. "அப்ப மாடி முழுக்கச் சந்தனம் பூசிரலாமே, சுண்ணாம்பு எதுக்கு?" என்று அவர் சீண்டினாராம். "காயக் காயப் பூசணும் சார், எம்புட்டு நேரம் தாங்கும்?" என்றாளாம் இவள். தை பிறந்ததும் மீதிக் கூரைக்கும் சுண்ணாம்பு ஏறியது. ஏப்ரலில் முதல் தேர்வு முடிந்த மதியம் எனக்கு ஒரு குரல்செய்தி வந்தது: "டீச்சர், வேர்த்துச்சு. ஆனா தல சுத்தல." அதை நான் பலமுறை போட்டுக் கேட்டேன், அழுதேன்.

இந்த ஆண்டு ஆயுத பூஜையன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கி வந்த சந்தனத்தைக் குழைத்து, எங்கள் ஜன்னல் வெப்பமானியின் மரச்சட்டத்தில், குமிழில் படாமல், ஒரு பொட்டு வைத்தேன். அன்றைக்கு இங்கே முதல் உறைபனி. ஊரில் என்றால் காய்ந்து உதிர்ந்திருக்கும்; இங்கே வைத்த இடத்திலேயே கல்லாய் இறுகிவிட்டது. அந்நேரம் முத்துமாரியின் செய்தி வந்தது. பிளஸ் ஒன் போன பிறகும் அளப்பதை அவள் விடவில்லை: "இன்னைக்கு முப்பத்தஞ்சு டீச்சர்."

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அம்மா வழக்கம்போலக் கேட்டார், "உங்கள் வீட்டில் இன்று எத்தனை டிகிரி?"

"முப்பத்தைந்து" என்று சொல்லிவிட்டேன்.

அவர் பதறிப்போய், கையுறையைக் கழற்றிவிட்டு, என் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேலிக்கு மேலே கையை நீட்டினார்.