மீன் சொதியும் ஒரு மிடறு ஒயினும்

எங்கள் ஊர் மீனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் லேசில் நிறுத்த மாட்டேன். திருப்பூரில் எனக்கு அதற்காகவே கெட்ட பேர். மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும். கை பாட்டுக்குப் பனியனைப் புரட்டும், வாய் பாட்டுக்கு ஊளியையும் சாளையையும் அளந்துகொண்டிருக்கும்.

எனக்கு எதிரே உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுகிறவள் என் சிநேகிதி. திருப்பூர்ப் பக்கத்துக்காரி, நெசவுக் குடும்பம். அவளுடைய வீட்டுக்காரர் அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். மிஷினில் உட்காரும் முன் முருகா என்று சொல்லாமல் நூல் கோக்க மாட்டார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவருக்கு அவள், அவளுக்கு அவர். என் பீற்றலைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க்கா, மீனு மீனுதானுங்களே? உங்கூரு மீனு மட்டும் ஆகாசத்துலயா நீந்துது?" என்று ஒரே போடாகப் போடுவாள். தையல் மிஷின்கள் வரிசையாக நிற்கிற பவர் டேபிளே சிரிக்கும். "வாய்க்கொழுப்புடி உனக்கு! ஒருநாள் எங்க ஊருக்கு வா, தின்னுட்டு அப்புறம் பேசு" என்பேன். எத்தனையோ வருஷமாக இதே பேச்சு. ஆர்டர், ஷிப்மென்ட், நைட்டு ஷிப்ட் என்று போகவே வாய்க்கவில்லை.

அப்புறம் அவள் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. பல் உரசுகிறது என்று நினைத்து ஏதேதோ தடவினாள். ஆறவில்லை. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சதை எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, அந்தப் பாழாய்ப்போன நோயின் பேரைச் சொன்னார்கள். துணைக்கு நானும் போயிருந்தேன். வீட்டுக்காரர் மருந்து வாங்கக் கீழே போயிருந்த சமயம் டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். நாக்கில் பெரும்பகுதியை எடுத்துவிட வேண்டும், அதன்பிறகு கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைக்க வேண்டும். நாளாக ஆக அரைத்த சாப்பாடு சாப்பிடலாம்.

அவள் அழவில்லை. "ருசி தெரியுமுங்களா டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள். "அதை எதிர்பார்க்காதீங்கம்மா" என்றார். அப்போதுதான் வீட்டுக்காரர் மருந்துப் பையோடு மூச்சு வாங்க உள்ளே வந்தார். அவரிடம் டாக்டர், "பயப்படாதீங்க, பின்னாடி சாப்பிடலாம்" என்று சொன்னார். அந்த மனுஷன் அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் திரும்பும்போது, "சாப்பிடலாம்னு சொல்லிட்டாருல்லங்க்கா, அப்பறம் என்னங்க" என்று எனக்கே தைரியம் சொன்னார்.

அவர் முன்சீட்டில் தூங்கிய பிறகு அவள் என் கையைப் பிடித்தாள். "ருசி போயிருமுங்கறது அவருக்குத் தெரிய வேண்டாமுங்க்கா. இப்பவே பாதி ஆளாயிட்டாரு. எங்க அம்மா மேல சத்தியமா நீங்களும் சொல்லக் கூடாது." நான் தலையாட்டினேன். கொஞ்ச தூரம் போன பிறகு, "நாக்கு இருக்கறப்பவே ஒருக்கா உங்கூரு மீனு திங்கோணுமுங்க" என்றாள்.

ஆபரேஷனுக்குப் பொங்கல் கழிந்து தேதி கொடுத்திருந்தார்கள். பொங்கலுக்குக் கம்பெனி லீவு விட்டதும் வேன் பிடித்தோம். நான், என் வீட்டுக்காரர், எங்கள் பிள்ளைகள், அவர்கள் இரண்டு பேர். திருச்செந்தூரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு, அதற்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிற எங்கள் ஊருக்குப் போவதாகத் திட்டம்.

அந்தப் பயணத்தில் அவள் சாப்பிட்ட மாதிரி யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தாராபுரம் தாண்டி ஒரு டீக்கடையில் பருப்பு வடையை டீயில் ஊறவைத்துத் தின்றாள். மதுரையில் பருத்திப்பால் ஆறும்வரை டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். கோவில்பட்டிக் கடலை மிட்டாயைக் கடிக்க முடியாமல் நல்ல பக்கமாக ஒதுக்கி, சப்பிச் சப்பியே கரைத்தாள். "எம்மா, மீனுக்குக் கொஞ்சம் இடம் வச்சிரு" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். அவளுடைய வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் பல். "பாருங்க, எப்படிச் சாப்பிடறா! இவளுக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். அவள் எதற்காக அப்படிச் சாப்பிடுகிறாள் என்று தெரிந்த நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை திருச்செந்தூரில் அவர்கள் கோயிலுக்குள் போனார்கள். நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள்; பிள்ளைகளோடு கடற்கரையில் இருந்தோம். அவளுடைய வீட்டுக்காரர் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு வந்தார். அழுதிருந்தார் என்பது கண்ணில் தெரிந்தது.

எங்கள் வீட்டில் அம்மா விடியற்காலையிலிருந்தே அடுப்படியில் நின்றிருந்தாள். எல்லோருக்கும் மாங்காய் போட்டு ஊளி மீன் குழம்பு. என் சிநேகிதிக்கென்று தனியாகச் சொதி. மிளகாயே காட்டாமல், தேங்காய்ப்பாலில் மஞ்சளும் இஞ்சியும் போட்டு, முள் குறைந்த சீலா மீன் துண்டங்களை மெத்தென்று வேகவைத்திருந்தாள். "எம்மா, காரம் ஒரு பொட்டு கெடையாது. புண்ணுல பட்டாலும் எரியாது. பயப்படாம சாப்பிடு" என்று சொல்லி இலையில் சோற்றைக் குழி பறித்துச் சொதியை ஊற்றினாள். வாசனை வீடு முழுக்கப் பரவியது. அவள் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். பவர் டேபிளில் சிரிக்கிற அதே சிரிப்பு. சோற்றைப் பிசைந்து உருட்டினாள்.

"அம்மா, தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றார் அவளுடைய வீட்டுக்காரர்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் தன் இலையைத் தொடவே இல்லை. "மொட்டை போடறப்ப முருகங்கிட்ட வேண்டிக்கிட்டனுங்க. இவ பொழைச்சு நல்லபடியா வாயில அள்ளிச் சாப்பிடற வரைக்கும் எங்கூட்டுல ரெண்டு பேரும் கவிச்சி தொடறதில்லைன்னு. நீங்க இவ்வளவு ஆசையா செய்யறப்ப எப்பிடிச் சொல்றதுன்னே தெரியலீங்க. எங்களுக்கு ரசஞ்சோறு இருந்தாப் போதுமுங்க."

அடப்பாவி மனுஷா! கோயிலிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் வேனில் வந்தாயே, அப்போது சொல்லியிருக்கக் கூடாதா? திருப்பூர்ப் பக்கத்துக்காரர்களின் மரியாதை இருக்கிறதே, இலை போட்டுக் கை வைக்கிற வரைக்கும் வாயைத் திறக்க விடாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இலையைத் தூக்கி எறிந்திருப்பேன். "அண்ணே, அது வந்து..." என்று ஆரம்பித்தும்விட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எங்க அம்மா மேல சத்தியம் என்று பஸ்ஸில் சொன்னவளின் பார்வை. வாயை மூடிக்கொண்டேன்.

அவள் கையில் இருந்த உருண்டையை இலையில் வைத்தாள். எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாள். விரலிடுக்கில் ஒரு பருக்கைகூட மிச்சமில்லாமல் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். "சாமி காரியமுங்க, மீறப்படாது. ரசம் இருந்தாக் குடுங்கம்மா" என்றாள். எங்கள் வீட்டில் அன்று ரசம் வைத்திருக்கவில்லை. அம்மா அவசர அவசரமாகப் புளி கரைத்தாள். கரைத்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அம்மாவுக்கு விவரம் தெரியாது. வீட்டுக்கு வந்த பிள்ளை இலையை விட்டு எழுந்ததற்கே அழுகை.

மனசு கேளாமல் அம்மா கிறிஸ்துமஸுக்குப் போட்ட ஒயின் பாட்டிலை எடுத்து வந்தாள். ஒயின் என்றதும் அவர், "அய்யய்யோ, ஒயின்ஷாப்புச் சரக்குங்களா?" என்று பதறினார். "எய்யா, வீட்டுல போட்டது. திராட்சையும் சீனியும் கோதுமையும் பரணி ஜாடியில ஊறப்போட்டு எடுத்தது. நாங்க பிள்ளைகளுக்கே ஒரு வாய் குடுப்போம்" என்றாள் அம்மா. அவர் யோசித்தார். கவிச்சி இல்லை, வேண்டுதலில் இதைச் சொல்லவும் இல்லை. "அப்ப குடிக்கட்டுமுங்க" என்றார். அதையாவது தன் பெண்டாட்டிக்குக் கொடுக்க முடிந்ததில் அவர் முகம் மலர்ந்தது.

சின்னக் கண்ணாடி டம்ளரில் கருஞ்சிவப்பாக ஊற்றினாள் அம்மா. அவள் ஒரு மிடறு வாயில் வைத்தாள். புண்ணில் பட்டிருக்கிறது. கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. "எப்பிடியிருக்குது கண்ணு?" என்று ஆவலாகக் கேட்டார் அவர். அவள் விழுங்கினாள். "இனிப்பா இருக்குதுங்க. சந்தோஷத்துல அழுகை வந்துருச்சு" என்றாள். அவர் நம்பினார். அம்மா நம்பினாள். டம்ளரில் மிச்சம் வைக்காமல் அவள் குடித்து முடித்தாள்.

ஆபரேஷன் நடந்தது. மூக்கில் குழாய், கரண்ட், வாந்தி, முடி கொட்டியது, எல்லாம் நடந்தது. பேச்சு போய்விட்டது. தொண்டையிலிருந்து ஒரு முனகல் மட்டும் வரும், அது அவருக்குத்தான் புரியும். கோடைக்காலம் முடிகிற சமயம் குழாயை எடுத்தார்கள். அன்றைக்கே எங்கள் லைன் வீட்டுக்கு ஓடி வந்தார் மனுஷன். "அக்கா, கஞ்சி வாயாலயே குடிச்சுட்டாளுங்க! முருகன் கைவிடலீங்க. வேண்டுதலு முடிஞ்சுது. உங்க அம்மா வெச்ச மாதிரியே ஒரு சொதி வெச்சுக் குடுங்க்கா."

மார்க்கெட்டில் கிடைத்த ஐஸ் மீனை வாங்கிச் சொதி வைத்தேன். முள் ஆய்ந்து, மிக்ஸியில் அடித்து, துணியில் வடிகட்டி எடுத்துக்கொண்டு போனேன். அவர் அவளைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்து, ஸ்பூனில் ஊதி ஊதி ஊட்டினார். "நல்லாருக்குதா?" என்று ஒவ்வொரு ஸ்பூனுக்கும் கேட்டார். அவள் ஒவ்வொரு ஸ்பூனுக்கும் தலையாட்டினாள். கண்ணை மூடி ரசிக்கிற மாதிரிகூடச் செய்து காட்டினாள். கிண்ணம் காலியானதும் அவர் கழுவக் கொண்டுபோனார். "ஏதாவது தெரிஞ்சுதா பிள்ள?" என்று நான் காதோரம் கேட்டேன். அவள் இல்லை என்று தலையசைத்தாள். அவர் வருகிற சத்தம் கேட்டதும் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

நோய் கழுத்துக்கு இறங்கிவிட்டது. அடுத்த பொங்கலுக்கு அவள் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பெனிக்குத் திரும்பி வந்த பிறகும் மிஷினை நிறுத்திவிட்டுச் சொல்வார். "ஆசைப்பட்ட மீனை ருசிச்சுத் தின்னுட்டுத்தானுங்க போனா. அந்த ஒரு குறையும் வெக்கலீங்க நானு." சொல்லிவிட்டுச் சாட்சிக்கு என்னைத் தேடுவார். எதிரே பிசிறு வெட்ட வேறு யாரோ ஒரு பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். நான் கையிலிருந்த பனியனைப் பார்த்தபடி, "ஆமாங்கண்ணா, ருசிச்சுத் தின்னா" என்பேன்.